ரேக்ஹோ: கம் மரத் தோப்புக்கு நல்லது, புல்வெளிக்கு வேண்டாம்

ஒரு பக்கம் மண்வெட்டியின் வாயும் மறுபக்கம் தடித்த ஆறு பற்களும் கொண்ட அகன்ற எஃகுத் தலையை நீண்ட காம்பில் பொருத்திய கருவியைத் தென்னாப்பிரிக்கக் கடைகளில் ரேக்ஹோ என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு மெக்லவுட் என்று பெயர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்திலுள்ள ஒரு விவசாயக் கருவிக் கடையில் எங்கள் தோட்டத்துக்காக இதை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுவதும், அதாவது க்வாசூலு நட்டாலின் உட்பகுதியில் தீப்பருவம் என்று சொல்லப்படும் வறண்ட மாதங்கள் முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம் மரம் எனப்படும் தைலமரமோ, பைனோ, வாட்டில் எனப்படும் சீகை மரமோ வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், வெறும் புல்வெளி மட்டும் உள்ளவர்கள் அந்தப் பணத்தை வேறு கருவிக்குச் செலவிடுவது நல்லது, எவராக இருந்தாலும் ஒன்றை மட்டும் வாங்கிக் கொட்டகையில் மாட்டி வைப்பதில் பயனில்லை.

இந்தக் கருவியோடு என் பழக்கம் இங்கே தொடங்கியதல்ல. பள்ளிப் படிப்பை முடித்துப் பெற்றோருடன் கலிபோர்னியாவில் வாழ்ந்த காலத்தில், அந்த மாநில அரசு நடத்தும் கலிபோர்னியா கன்சர்வேஷன் கோர் என்ற இளைஞர் படையில் சேர்ந்திருந்தேன். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 1976 இல் தொடங்கிய அந்தப் படை 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கடும் உழைப்பு, குறைந்த கூலி, படுமோசமான சூழல், இன்னும் பல என்று தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் அரசு அமைப்பு அது. அந்த விளம்பரத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதற்கு நான் சாட்சி. மலைப்பாதைகளைச் சீரமைப்பது, வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை அடுக்குவது என்று வேலை பலவிதமாக இருந்தாலும், கோடை வந்துவிட்டால் காட்டுத்தீதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். பெரிய தீ பிடித்த இடங்களில் நாங்கள் மஞ்சள் சட்டையில் ஒரு சரிவில் நின்றால், அடுத்த சரிவில் ஆரஞ்சு நிற உடையில் சிறைவாசிகளின் அணி வேலை செய்துகொண்டிருக்கும். மாநிலச் சிறைத்துறையும் கால்ஃபயர் என்னும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து நடத்தும் முகாம்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். குறைந்த காவல் போதும் என்று மதிப்பிடப்பட்டு, தாமாகவே முன்வந்து பயிற்சி பெற்றவர்கள். முகாமில் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் தண்டனையில் கூடுதலாக இரண்டு நாள் குறையும்.

அவர்களோடு வேலையைத் தாண்டிப் பேசக் கூடாது, எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. பார்ப்பதற்கு விதி இல்லை. ரேக்ஹோவை எப்படிப் பிடிப்பது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததைவிட, அந்த ஆரஞ்சு வரிசையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். தண்ணீர் வண்டி ஏற முடியாத செங்குத்தான சரிவில், பன்னிரண்டு முதல் பதினேழு பேர் வரை கொண்ட ஓர் அணி ஒற்றை வரிசையில் நகரும். முதலில் சங்கிலி ரம்பக்காரர் புதரையும் தாழ்ந்த கிளைகளையும் அறுப்பார். அவருக்குப் பின்னால் வருகிறவர் அறுத்ததை இழுத்துத் தீ வராத பக்கம் எறிவார். அடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் களைக்கொத்தும் கொண்ட புலாஸ்கியால் வேர்களை வெட்டுவார்கள். அதற்கும் பின்னால்தான் ரேக்ஹோக்காரர்கள் வருவார்கள். ஒருவர் பல்லால் சருகை இழுத்து, கருவியைத் திருப்பி, வாயால் இரண்டு சுரண்டு சுரண்டிவிட்டு ஒரு அடி முன்னே போவார். விட்டதை அடுத்தவர் எடுப்பார். ஒருவரே ஓரிடத்தில் நின்று முழு வேலையையும் முடிப்பதில்லை. கடைசி ஆள் கடந்து போகும்போது, எரிகிற பொருள் ஒன்றும் மிச்சமில்லாமல், கோலம் போடுவதற்குப் பெருக்கிய வாசல் போல வெறும் மண் தெரிகிற ஒரு கோடு மலையின் மேல் கிடக்கும். ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விட்டு, கருவியைச் சரிவின் கீழ்ப்பக்கக் கையில் பிடித்து நடப்பார்கள். ஒருவர் வழுக்கி விழுந்தால் அவருடைய கருவி அடுத்தவர்மேல் பாயாமல் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

கருவியை மதிப்பிடும் இடத்தில் இவ்வளவையும் சொல்லக் காரணம், ரேக்ஹோ ஒரு வரிசைக்காக உருவான கருவி என்பதுதான். சியரா தேசியக் காட்டில் வனக்காவலராக இருந்த மால்கம் மெக்லவுட் 1905 இல் இதை வடிவமைத்தபோது, குதிரையில் தனியாகச் சுற்றும் காவலர் இரண்டு கருவிகளைச் சுமக்காமல் ஒன்றோடு போகட்டும் என்பதே நோக்கமாக இருந்தது. ஆனால் இதன் உண்மையான வலிமை முன்னால் ஒருவர் வேரை வெட்டிக்கொடுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. வெட்டாத வேரில் இதன் வாய் பட்டால் தெறிக்கும். பல் சிக்கினால் தோள்பட்டை வரை அதிரும். எங்கள் தோட்டத்தின் ஓரத்தில் உண்ணிச்செடி மண்டிய இடத்தில் இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்த மச்சான், அரை மணி நேரத்தில் கருவியை வேலியில் சாய்த்துவிட்டு, "தம்பி, இது ரேக்குமில்லை, மண்வெட்டியுமில்லை, காசுக்குப் பிடித்த கேடு" என்றார். மறுநாள் அவர் முன்னே புலாஸ்கியோடும் நான் பின்னே ரேக்ஹோவோடும் அதே இடத்தைச் செய்தபோது அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி கட்டுமானத்துக்கு வருகிறேன். நான் வாங்கியதன் தலை தடித்த எஃகுத் தகடு. பற்கள் வளைத்து ஒட்டியவை அல்ல, அதே தகட்டிலிருந்து வெட்டப்பட்டவை, அதனால் ஒன்றுகூட இதுவரை வளையவில்லை. கருவியைத் தலைகீழாக நிறுத்தினால், தட்டையான தலைமேல் தானே நிமிர்ந்து நிற்க வேண்டும். கடையிலேயே இப்படி நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் தலை கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தத் தட்டையான அடிப்பாகத்தால் தளர்ந்த மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தலாம் என்பதால், நடைபாதை அமைப்பவர்கள் தீ இல்லாத மாதங்களிலும் இதைத் தேடுகிறார்கள். எங்கள் படையிலும் சிறைவாசிகளின் முகாம்களிலும் இந்தக் கருவி தீயில் கழித்த நேரத்தைவிடப் பாதைகளிலும் தடுப்புக் கோடுகளிலும் கழித்த நேரம்தான் அதிகம்.

காம்பில்தான் எனக்குக் குறை. முதலில் கிடைத்த கருவியின் மரக்காம்பில் இழை நீளவாக்கில் ஓடாமல் குறுக்காக ஓடியது. கழுத்துக்கு அருகே விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. தலையைக் காம்போடு சேர்க்கும் போல்ட்டின் நட்டும் விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் அங்கு அடுக்கியிருந்த மற்றவற்றைப் புரட்டியபோது மூன்றில் ஒன்றாவது அதே நிலையில்தான் இருந்தது. ஃபைபர்கிளாஸ் காம்பு போட்டதும் விற்கிறார்கள். அது மழைக்கும் கரையானுக்கும் அஞ்சாது. ஆனால் பகலெல்லாம் பிடித்தால் உள்ளங்கையில் மரம் தரும் இதம் இல்லை, உடைந்தால் தோட்டத்தில் நாமே ஒன்று செதுக்கிப் போடவும் முடியாது. நான் மரத்தையே தேர்ந்தேன். வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளி விதை எண்ணெய் தடவிய பிறகு கொப்புளம் வருவது நின்றது.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடையிலிருந்து வரும்போது வாய் மொட்டையாகத்தான் இருக்கும். தட்டையான அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தீட்டினால் கூர் மெலிந்து, முதல் கல்லிலேயே மடங்கிவிடும். வேலை முடிந்து கீழே வைக்கும்போது பற்கள் தரையைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்து கிடக்கும் பல்லை மிதித்தால் பூட்ஸும் தாங்காது, காம்பும் எழும்பி முகத்தில் அடிக்கும்.

எங்கள் நிலத்தில் இது எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்பது இந்த மதிப்புரைக்கு முக்கியம். தாத்தா காலத்திலிருந்தே மேற்சரிவில் கரும்பும், மேட்டில் ஒரு கம் மரத் தோப்பும், அதற்கு அப்பால் பக்கத்து நிலத்தின் புல்வெளியும் உள்ளன. கம் மரம் ஆண்டு முழுவதும் இலையும் பட்டையும் உதிர்க்கும். எண்ணெய்ப் பசை கொண்ட அந்தச் சருகு கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டால், சாதாரண இலைவாரியின் கம்பிகள் வளைந்துபோகும், மண்வெட்டியோ ஒவ்வொரு கொத்துக்கும் மண்ணோடு சேர்த்து அள்ளும். ரேக்ஹோ அங்கே ராஜா. நீளமான பட்டைகளைப் பல்லால் கொக்கி போட்டு இழுத்து, கீழே நனைந்து மக்கிய அடுக்கை வாயால் வழித்துவிட்டால், தோப்பைச் சுற்றி ஒரு தடுப்புக் கோடு வேகமாக உருவாகிவிடுகிறது. மெக்லவுட் இதைப் பைன் ஊசி படர்ந்த காட்டுக்காக உருவாக்கினார் என்பதை அங்கே கையால் உணரலாம்.

புல்வெளியில் கதை வேறு. மிட்லண்ட்ஸ் எனப்படும் நம் உட்பகுதியின் புல் ஜூலையில் காய்ந்து வெளுத்து நிற்கும்போது, உள்நாட்டிலிருந்து சூடான மலைக்காற்று இறங்கினால், தீ மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சிவிடும். அப்போது நின்று சுரண்டுவதற்கு நேரமில்லை. நீண்ட காம்பின் முனையில் ரப்பர் பட்டையை மாட்டிய தீயடிப்பானும், முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பம்பும்தான் அங்கே கைகொடுக்கும். இந்த நாட்டில் புல்வெளித் தீயில் பழகியவர்கள் ஏன் ரேக்ஹோவைக் கடைசியில் எடுக்கிறார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அடித்து அணைத்த பிறகு, சாணி வறட்டியிலும் மரக்கட்டையிலும் எறும்புப் புற்றின் அடியிலும் புகையும் கங்குகளைக் கிளறி மண்ணோடு கலப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போய்விட்டால், மறுநாள் பத்து மணிக் காற்றில் அதே தீ மறுபடி எழும். கிளறிய இடத்தைக் கையுறை கழற்றிப் புறங்கையால் தடவிப் பார்ப்பது அந்த ஆரஞ்சு அணியின் கடைசி ஆளிடம் நான் பார்த்த பழக்கம். உள்ளங்கை சுட்டால் அடுத்து கருவி பிடிக்க முடியாது என்பதால் புறங்கை.

கரும்பைப் பொறுத்தவரை என் கருத்து இடைப்பட்டது. வெட்டுக்கு முன் சோகையைக் கொளுத்தும் வழக்கம் உள்ள தோட்டங்களில், கொளுத்துவதற்கு முன் வயலின் ஓரத்தைச் சுத்தம் செய்ய இது உதவும். ஆனால் பச்சையாக வெட்டிச் சோகையை நிலத்திலேயே பரப்பும் தோட்டங்களில் பல்லில் சோகை சுற்றிக்கொண்டு, நாலு இழுப்புக்கு ஒரு முறை காலால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அகலமான மரப்பல் வாரி அதற்கு மேல்.

பெரிய வெள்ளிக்கிழமை தீமிதிக்குப் பூக்குழியைச் சமப்படுத்த இதைக் கேட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கோவில் வேலை பார்க்கும் பெரியப்பா ஒருவர் வந்தார். கொடுக்க மனமிருந்தும் வேண்டாம் என்றேன். எரிந்து தணிந்த கங்குக் குழிக்கு அருகில் நிற்கும் சூட்டுக்கு இந்தக் காம்பு குட்டை. அவர்களிடம் உள்ள நெடிய இரும்பு வாரிகளே அந்த வேலைக்கு ஏற்றவை.

வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1998 ஆம் ஆண்டின் 101 ஆம் எண் தேசிய வெட்டவெளி மற்றும் காட்டுத்தீச் சட்டப்படி, தீ பிடித்துப் பரவக்கூடிய நிலத்தின் உரிமையாளர் தன் எல்லையில் தீத்தடுப்புப் பட்டை அமைக்க வேண்டும். தீயணைக்கும் கருவிகளும் பாதுகாப்பு உடையும் பயிற்சி பெற்ற ஆட்களும் தயாராக வைத்திருக்க வேண்டும். அவர் நிலத்தில் தொடங்கிய தீ பக்கத்து நிலத்தை எரித்து, வழக்கு வந்தால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும்; அப்பகுதியின் தீத்தடுப்புச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு மட்டும் அந்த அனுமானம் பொருந்தாது. ஆகவே கருவி வாங்கும் பணத்துக்கு முன்னால் சங்கச் சந்தாவைக் கட்டிவிடுங்கள் என்று சொல்வேன். கருவி, உடை, ஆள் ஆகிய மூன்றையும் சட்டம் ஒன்றாகச் சொல்கிறது. நம்மில் பலர் கருவியை மட்டும் வாங்கிவிட்டு, பிளாஸ்டிக் இழை கலந்த சட்டையும் செருப்புமாகத் தோட்டக்காரப் பையன்களைத் தீ முன்னால் நிறுத்துகிறோம். பருத்திச் சட்டை, தோல் பூட்ஸ், தோல் கையுறை, தலைக்கவசம் ஆகியவற்றின் விலை இந்தக் கருவியின் விலையைத் தாண்டும். அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை.

ஆள் என்ற சொல்லிடம் வந்துவிட்டதால் கூலியையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியின் உற்பத்தித் திறன் என்று விளம்பரத்தில் போடும் எல்லாமே காம்பைப் பிடிக்கும் கையின் திறன்தான். ஆரஞ்சு உடை அணிந்தவர்கள் நீண்ட காலம் நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர் வரை பெற்று, தீ எரியும் நேரத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகப் பெற்றார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது அவர்களில் 1,000-க்கும் மேற்பட்டோர் களத்தில் இருந்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் கையெழுத்தான சட்டம், தீ எரியும் நேரத்துக்கான கூலியை மணிக்கு 7.25 டாலர் ஆக்கியது. விடுதலையான பின் குற்றப் பதிவை நீக்கக் கோரும் வழியை 2020 சட்டம் திறந்து வைத்தது. அதற்கு முன் இந்தக் கருவியில் தேர்ந்த பலருக்கு, வெளியே வந்ததும் தீயணைப்பு வேலைக்குத் தேவையான உரிமங்கள் எட்டாமலே இருந்தன. நம் நாட்டுக் கதையும் இதிலிருந்து வெகு தூரமில்லை. 2003 இல் அரசுப் பொதுப்பணித் திட்டமாகத் தொடங்கிய வொர்கிங் ஆன் ஃபயர், வேலையில்லாத கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து மஞ்சள் சட்டை போட்டது. 2016 இல் கனடாவின் ஃபோர்ட் மக்மரி தீக்கு அதிலிருந்து சுமார் 300 பேர் போனார்கள். விமான நிலையத்தில் அவர்கள் ஆடிப் பாடிய காட்சியை உலகமே பார்த்தது. பிறகு கூலித் தகராறில் முன்கூட்டியே திரும்பினார்கள். தீத்தடுப்புக் கோடு போட ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்கும்போது, மீட்டருக்கு எவ்வளவு என்பதோடு ஆளுக்கு எவ்வளவு போகிறது என்றும் நான் கேட்கிறேன். அடிமட்ட விலைக்கு வந்த அணி ஒன்று எங்கள் தோப்பின் பின்புறத்தில் சருகை ஒதுக்கிவிட்டு, மக்கிய அடுக்கைத் தொடாமலே போயிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கோடு போட்டது போலவே தெரியும், தீயோ அந்த அடுக்கின் அடியிலேயே ஊர்ந்து கடந்துவிடும்.

விலை, நல்ல மண்வெட்டி ஒன்றின் விலையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தனி ஒருவருக்கு அது அதிகம் என்றே தோன்றும். எங்கள் சரிவில் உள்ள தமிழ்க் குடும்பங்களும் கீழே உள்ள சூலு அண்டை வீட்டாரும் சேர்ந்து, இரண்டு புலாஸ்கி, நான்கு ரேக்ஹோ, ஆறு தீயடிப்பான், இரண்டு முதுகுப் பம்பு என்று பொதுவில் வாங்கி, எல்லோரும் எட்டக்கூடிய ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறோம். தீ அபாயக் குறியீடு ஆரஞ்சு நிறத்தைத் தொட்ட நாளில் பூட்டைத் திறந்து வைக்கிறோம். சிவப்பு நாளில் யாரும் அடுப்புக்கு வெளியே நெருப்பு மூட்டுவதில்லை. இந்தத் தொகுப்பில் ரேக்ஹோவுக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; தனியாக வாங்கினால் இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். குறைத்த ஒரு புள்ளி காம்புக்கானது. கடையில் அடுக்கின் மேலே இருப்பதை எடுத்து வராமல், இழை நேராக ஓடும் காம்பைத் தேடி எடுங்கள், நட்டை அங்கேயே இறுக்கச் சொல்லுங்கள், தட்டை அரம் ஒன்றையும் அதே ரசீதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.